கால் சுற்று

செவ்வாய், மார்ச் 11. இன்று ஒரு தப்பு. என்ஜின் எண்ணெயில் கசிவைக் காட்டும் சாயம் ஊற்றும்போது கையுறை போடவில்லை. மூடி வழுக்கி வலது கை முழுக்க ஆகிவிட்டது. சோப்பு போட்டுக் கழுவினேன். போயிற்றா என்று கண்ணுக்குத் தெரியவில்லை. யூவி டார்ச் அடித்துப் பார்க்கும்போது கசிந்த இடமும் நான் தொட்ட இடமும் ஒன்றாகத்தான் ஒளிரும். அடுத்த முறை முதலில் கையுறை, பிறகு பாட்டில்.

இப்படி எழுதி வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, சாயங்காலம் வண்டி பழுதுபார்க்கும் வகுப்பு. ஒரு போல்ட்டை இறுக்கிவிட்டு நாலடி நடந்தால், இறுக்கினோமா என்று திரும்பி வந்து தொட்டுப் பார்ப்பான். வகுப்பில் அவனுக்கு ‘ரெண்டுவாட்டி’ என்று பேர் விழுந்து, இப்போது வாத்தியாரே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவன் சாயம் ஊற்றிய கார் அக்காவுடையது. அதாவது, அத்தானுடையது. பஸ் டிப்போவில் என்ஜின் மெக்கானிக்காக இருந்தவர். போன மழைக்காலத்தில் ஒரு நாள், வேலைக்குப் புறப்பட்டுச் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவே இல்லை. அன்றிலிருந்து அக்காவுக்கும் நாலு வயசுப் பாப்பாவுக்கும் துணையாக அவன் அந்த வீட்டிலேயே தங்கிவிட்டான். அக்காவுக்கு மலை மேலே ஒரு ஊரில் புது வேலை கிடைத்திருந்தது. வருகிற சனிக்கிழமை பாப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து அவளே ஓட்டிக்கொண்டு ஏறப்போகிறாள்.

அதற்குள் எண்ணெய்க் கசிவை அவன் நிறுத்தியாக வேண்டும். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் தலையில் எண்ணெய்க் குழாய் வந்து சேரும் இடத்தில் உள்ளே துளை வைத்த ஒரு போல்ட், அதற்கு மேலும் கீழும் செப்பு வாஷர். அங்கிருந்து மெல்லிசாகக் கசிந்தது. ஒரு சாண் தள்ளி, ஏற்றத்தில் செக்கச்செவேலென்று காய்கிற இரும்பு. எண்ணெய் அதன் மேல் விழுந்தால் முதலில் புகை, அப்புறம் தீ.

கசிகிற இடத்தைப் பிடிக்கவே போதும் போதும் என்றாகிவிட்டது. காற்றுக் குழாயின் உள்ளே ஈரத்தைப் பார்த்து, டர்போவே போய்விட்டது என்று முதலில் பயந்தான். “அந்த ஈரம் எல்லா வண்டியிலயும் இருக்கும்டா. டர்போவ மாத்தச் சொல்லி உங்கக்கா தலையில துண்டப் போட வச்சிடாத” என்று வாத்தியார் சிரித்தார். துடைத்து, காயவைத்து, முகப்பவுடர் தூவி ஓடவிட்டபோது அந்த போல்ட்டின் அடியில்தான் பவுடர் கறுத்தது. இறுக்கினான். போல்ட்டின் தலையிலிருந்து குழாய் வரை ஒயிட்னரால் ஒரு கோடு இழுத்தான். போல்ட் அசைந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் கோடு விலகியிருந்தது. கால் சுற்று. திரும்ப இறுக்கிப் புதுக்கோடு போட்டான். அடுத்த நாளும் அதே கால் சுற்று, அளந்து வைத்த மாதிரி.

“அதிர்வுல தளரும், இல்லேங்கல” என்று வாத்தியார் தாடையைச் சொறிந்தார். “ஆனா தினம் ஒரே அளவா? வண்டிக்கு அவ்வளவு ஒழுக்கம் கிடையாதே! வேற எங்கேயும் கசியுதான்னு சாயம் ஊத்திப் பாரு.”

பக்கத்து பெஞ்சுக்காரன் விடவில்லை. “தூக்கத்துல எழுந்து போய் மூணாவது வாட்டி செக் பண்ணியிருப்ப. பாவம், எந்தப் பக்கம் திருப்பணும்னு தூக்கத்துல தெரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாக உள்ளே தைத்துவிட்டது. ஒருவேளை அப்படித்தானோ?

சாயம் ஊற்றிய மறுநாள், வண்டி ஓடும்போது என்ன ஆகிறதென்று பார்க்க அக்காவுடன் கூடவே போனான். பெரிய சிக்னலில் நின்றார்கள். ஏசி வழியாகக் கருகிய எண்ணெய் வாசனை மெதுவாக உள்ளே வந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். பின்சீட்டில் பாப்பா இரண்டு கையையும் ஊன்றி ஓரமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டிருந்தாள், யாருக்கோ இடம் விடுகிற மாதிரி.

“என்ன பாப்பா பண்ற?”

“அப்பாக்கு இடம் வேணும்ல மாமா?”

அவன் அக்காவைப் பார்த்தான். அவள் சிக்னலைப் பார்க்கவில்லை. நடுக் கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்து, பின்னால் ஹாரன்கள் கத்தின பிறகுதான் வண்டி நகர்ந்தது.

வியாழக்கிழமை வகுப்பு இல்லை. கடையிலிருந்து நேரே குடியிருப்பின் கீழ்த்தளத்துக்குப் போய், கையுறை மாட்டி, பானெட்டைத் தூக்கி டார்ச்சை அடித்தான். போல்ட் மஞ்சள் கலந்த பச்சையாக எரிந்தது. வேறெங்கும் கசிவில்லை. ஆனால் பானெட்டின் விளிம்பில் நாலு விரல் தடம். மாடிப்படிக் கைப்பிடியில் ஒன்று. வீட்டுக் கதவின் குமிழில் ஒன்று.

‘என் கைதான். செவ்வாய்க்கிழமைக் கை’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

குளியலறையில் அக்கா பாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம். கூடத்து விளக்கை அணைத்தான். சுவிட்ச், தண்ணீர்க் குழாய், தம்ளர், நாற்காலி முதுகு என்று அவனுடைய ஒரு நாள் முழுவதும் இருட்டில் பச்சையாக மிதந்தது. யாரோ தன்னைப் பின்தொடர்ந்து தொட்டுக்கொண்டே வந்த மாதிரி இருந்தது. தடம் கூடத்தோடு நிற்கவில்லை. அக்காவின் அறைக்கதவில் இருந்தது. அந்த அறைக்குள் அவன் போவதே கிடையாது. உள்ளே அலமாரிக் கைப்பிடியிலும் இருந்தது.

திறந்தான். அத்தானின் டிப்போச் சட்டை தொங்கியது. இரண்டு கைநுனியும் பளிச்சென்று எரிந்தன. மார்புக்கு நேராக ஒரு பொத்தானும். வேலை முடித்து இப்போதுதான் கழற்றி மாட்டிவிட்டுப் போன சட்டை மாதிரி. அத்தான் போனதோ போன மழைக்காலத்தில். சாயம் ஊற்றியதே முந்தாநாள்தான்.

“லைட்டப் போடேன் தம்பி. இருட்டுல என்ன பண்ற?”

பின்னால் அக்கா நின்றாள், தோளில் ஈரத் துண்டோடு. பாப்பா இன்னும் தண்ணீரில் அடித்து விளையாடும் சத்தம் கேட்டது.

“இந்தச் சட்டைய யாருக்கா போட்டது?”

“நான்தான்” என்றாள், துண்டைத் தோளிலிருந்து எடுத்தபடி. “காலைல, நீ எழுந்திருக்கறதுக்கு முன்னாடி.”

“அப்ப போல்ட்டத் தளர்த்தினது நீயா? உனக்கு ஸ்பேனர் பிடிக்கவே தெரியாதே.”

“இப்பவும் தெரியாது. சட்டையப் போட்டுக்கிட்டுக் கீழ போனா, கை தானா அங்க போகுது. கொஞ்சம் திரும்பும். அப்புறம் தானா நின்னுடும்.” துண்டை முறுக்கினாள். “நான் நிறுத்தறதில்ல தம்பி.”



“அக்கா, அது தீப்பிடிக்கும். பாப்பா பின்னாடி உக்காந்திருப்பா.”

“தெரியாமலா? இன்னிக்கோட போதும்னுதான் தினமும் கீழ போறேன். ஆனா சிக்னல்ல அந்த வாசனை வருது பாரு... அவர் டிப்போலேர்ந்து வந்து கதவத் திறந்த மாதிரி. அவளும் நகர்ந்து இடம் விடறா. நீ இறுக்கிட்டா, அவ யாருக்குடா இடம் விடுவா?”

அவன் டார்ச்சை அணைத்தான். சட்டையும் அணைந்தது. அணைந்ததா என்று இன்னொரு தரம் பார்த்துக்கொண்டான்.

“ஸ்பேனரக் குடு.”

அவள் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்தாள். கொடுக்க நீட்டிவிட்டு, விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“ஒரே ஒரு தடவை. ரோட்டுக்கு வேணாம், நிறுத்தி வச்சே ஓடவிடு. நான் பாப்பாகிட்டச் சொல்லணும்.”

“என்னன்னு சொல்லுவ?”

“அப்பா இறங்கிக்கப் போறார்னு.”

அப்போதுதான் அவள் விரல்கள் ஸ்பேனரை விட்டன.

வியாழன், மார்ச் 13. நாளை காலை வண்டியை வெளியே எடுத்து வெட்டவெளியில் நிறுத்த வேண்டும். தீயணைப்பு உருளை பக்கத்தில் இருக்க வேண்டும். யாரும் உள்ளே உட்காரக் கூடாது. வாசனை வரும்வரை ஓடவிட்டு, பின்கதவைத் திறந்து, அக்கா சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு மூட வேண்டும். என்ஜின் ஆறியதும் இரண்டு செப்பு வாஷரையும் புதிதாக மாற்றி, போல்ட்டை அளவு பார்த்து இறுக்க வேண்டும்.