இடப்பக்கத் தோற்றம்

"இன்னுங் கொஞ்சம் மேக்க தள்ளுங்க. சுவரோட ஒட்டட்டும்."

நான்கு பேர் கண்ணாடிப் பெட்டியைத் தூக்கி நகர்த்தினார்கள். வயர் எட்டவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நீளமான வயர் வாங்கி வந்து மாட்டியதும் பெட்டி உறுமத் தொடங்கியது. தலை தெற்கே, கால் வடக்கே. சிவபாண்டியின் இடப்பக்கம் மேற்குச் சுவரோடு மறைந்துபோனது. கிழக்கு வாசலில் நுழைகிறவர்களுக்கு வலப்பக்கம் மட்டும் தெரிந்தது. ஒரு காது, பாதி மீசை, மழிக்காத கன்னம். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்று வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். போன கோடையில்தான் ஏசி வாங்கணும்னு கேட்டுக்கிட்டு இருந்தான் என்று வாசலில் ஒருவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் சிரிக்க வாயெடுத்து, துண்டால் பொத்திக்கொண்டார்.

கற்பகவல்லி அண்ணனின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் இரண்டு பாதங்களும் மேலே எழும்பிய துணியும்தான் தெரிந்தன. இடது பாதத்தைச் சுற்றியிருந்த கட்டு வலது பாதத்தைவிடப் பெரிதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, எம். புதுப்பட்டிப் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில், மருந்தை அழுத்தும் மிஷின் இருந்த அறையில் தீப்பிடித்தது. சிவபாண்டி அங்கே பிட்டர். புது மிஷினை அவன்தான் மாட்டினான், அவன்தான் முதலில் ஓட்டினான். மதுரை ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டில் இரண்டு நாள் கிடந்தான். மனைவி முத்துப்பேச்சியை மட்டும்தான் உள்ளே விட்டார்கள். தங்கை வராந்தாவில் நின்றாள். நேற்று மாலை உயிர் போனது. இன்று காலை அறுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஆம்புலன்ஸ் காரியாபட்டி வழியாக மல்லாங்கிணறு தாண்டி ஊருக்குள் வந்தபோது மணி ஒன்பது.

அழுத்தும் மிஷினைச் சுற்றி ஓர் இரும்புக் கூடு வைப்பார்கள். உள்ளே மருந்து பற்றிக்கொண்டால் தீ ஒரே வழியாக வெளியேற வேண்டும். அதற்காகக் கூட்டின் ஒரு பக்கத்தைத் திறந்து விட்டிருப்பார்கள். அதைக் கூட்டின் வாய் என்பார்கள். முன்பக்கம் தடித்த கண்ணாடி, அதன் வழியாக வேலையைப் பார்க்கலாம். கைப்பிடி இடப்பக்கம், ஆள் உட்காருவதும் அங்கேதான். வாய் வலப்பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்து அறைச்சுவரையும் கட்டாமல் விட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் கருவேலங்காடு.

கூட்டுக்குப் படம் வரைந்தவள் கற்பகவல்லி.

விருதுநகரில் ராஜபாண்டியனின் பட்டறையில் அவள் ஆறு வருடமாகப் படம் வரைகிறாள். ஐ.டி.ஐ.யில் படித்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று மிஷினோடு அனுப்பிய படத்தை யாரோ செல்போனில் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்துப் பட்டறை ஆட்களுக்குப் புரிகிற மாதிரி அவள் புதிதாக வரைந்தாள். முன் தோற்றம் நடுவில். அதற்கு வலப்பக்கம் ஒரு பக்கத் தோற்றம். வாய் அந்தப் பக்கத் தோற்றத்தில் இருந்தது.

படத்தில் வலப்பக்கம் வரைந்திருப்பது பொருளின் எந்தப் பக்கம்? இதற்கு உலகத்தில் இரண்டு பதில் இருக்கிறது. முதல் கோண முறையில், வலப்பக்கம் வரைந்திருந்தால் அது பொருளை இடமிருந்து பார்த்தது. மூன்றாம் கோண முறையில், வலப்பக்கம் வரைந்திருப்பது வலமிருந்தே பார்த்தது. ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுத்தது முதல் கோணம். பட்டறைக்கு வந்த படங்களும் எல்லாம் அதுதான். எந்த முறை என்பதைக் காட்ட, தாளின் மூலையில் நுனி வெட்டிய கூம்பும் இரண்டு வட்டங்களும் சின்னதாகப் போட்டிருப்பார்கள். செல்போனில் வந்த படத்தில் அந்த மூலை இல்லை. எடுத்தவரின் கட்டைவிரல் இருந்தது.

அவள் அதைக் கவனித்தாள். கேட்க வேண்டும் என்றும் நினைத்தாள். சீசன் நேரம். பட்டறையில் மூன்று ஆர்டர் நின்றது. சாப்பிட்டுவிட்டுக் கேட்கலாம் என்று இருந்தவள், சாப்பிட்டுவிட்டு, முதல் கோணம் என்றே எடுத்துக்கொண்டு வரையத் தொடங்கிவிட்டாள்.

கூடு கம்பெனிக்குப் போன அன்று அண்ணன் போன் செய்தான்.

"ஏத்தா கற்பகம், வாயி இடப்பக்கமால்ல இருக்கு? நான் உக்காருற பக்கம். சரிதானா இது?"

அவள் கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து பார்த்தாள். தான் வரைந்த படத்தை.

"படத்துல அப்படித்தாண்ணே இருக்கு."

"அப்பச் சரி. நீ கோடு போட்டுச் சம்பாதிக்க, நான் கோட்டுக்குள்ள உக்காந்து சம்பாதிக்கேன்" என்று சிரித்தான். பின்னாலிருந்து யாரோ அவனைக் கூப்பிட, போனை வைத்துவிட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், தீ இடப்பக்கம் வழியாகத்தான் வந்தது என்று கம்பெனி ஆட்கள் பேசிக்கொண்டது அவள் காதில் விழுந்தது. மிஷின் அனுப்பிய கம்பெனிக்கே போன் செய்து முழுப்படத்தைக் கேட்டாள். அரைமணி நேரத்தில் வந்தது. மூலையை விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். மூன்றாம் கோணம். யாருக்கும் சொல்லாமல் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது இன்னும் பைக்குள்தான் இருக்கிறது.

பதினோரு மணிக்கு ராஜபாண்டியன் மாலையோடு வந்தார். மாலையைப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு கற்பகவல்லியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் எழுந்து வீட்டின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள். அவர் வந்தார்.

உங்க அண்ணன் கூட்டைத் திருப்பி மாட்டிவிட்டதாகக் கேஸ் எழுதியாகிவிட்டது என்று தணிந்த குரலில் சொன்னார். ஆள் கவனக்குறைவு. அதற்குமேல் யாரும் தோண்டப்போவதில்லை. அதே படத்தை வைத்துச் செய்து பட்டறையில் இருந்த இன்னொரு கூட்டை நேற்றே வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. அவள் கம்ப்யூட்டரில் இருக்கும் படத்தை மட்டும் அவளே அழித்துவிட்டால் நல்லது. அவர் மிரட்டவில்லை. இரண்டு நாளாகத் தூங்காதவரின் முகம்தான் அவருக்கும் இருந்தது.

"திருப்பி மாட்ட முடியாது அண்ணாச்சி" என்றாள் கற்பகவல்லி.

"என்ன?"

"வலப்பக்கம் வாயி வச்ச கூட்டத் திருப்புனா வாயி இடப்பக்கம் வரும். ஆனா கண்ணாடி பின்னால போயிரும், சுவரப் பாக்கும். பேப்பர்ல வந்த எரிஞ்ச ரூம் போட்டோவுல கண்ணாடி முன்னாலதான் இருக்கு. தலைகீழாவும் வைக்க முடியாது, போல்ட்டு ஓட்டை அடியிலதான். அந்தக் கூட்ட எப்படித் திருப்புனாலும் அப்படி வராது. செஞ்சதே அப்படி."

ராஜபாண்டியன் தொட்டித் தண்ணீரில் கையை நனைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஸ்டேஷன்ல யாருக்கும்மா தெரியும்?"

அவர் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள். இத்தனை பேர் கூடியிருக்கும் வீட்டில், அண்ணன்மேல் தப்பில்லை என்று காட்டக்கூடிய ஆள் அவள் ஒருத்திதான். காட்ட வேண்டுமென்றால் அவள் தன் படத்தைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். வாசல்பக்கம், இம்புட்டு வருசம் வேலை பார்த்தவன் இப்படியா மாத்தி மாட்டுவான், அன்னைக்குக் குடிச்சிருப்பானோ என்று ஒரு குரல் கேட்டது. சிவபாண்டி குடிக்கிறவன் இல்லை. யாரும் மறுத்துச் சொல்லவில்லை.

முத்துப்பேச்சி அடுப்படியில் தனியாக இருந்தாள். குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர நீர்மாலைக்குப் போகுமுன் வெற்றிலையைத் தேடி வந்தவள், வந்த காரியத்தை மறந்து அரிசி டின்னின் மேல் உட்கார்ந்திருந்தாள். கற்பகவல்லி அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

"மதினி, ஒண்ணு சொல்லணும். அண்ணே திருப்பி மாட்டலை."

"தெரியும்."

"படந்தான் தப்பு. நாந்தான்..."

"தெரியும்ங்கேன்." முத்துப்பேச்சியின் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அன்னைக்கு உனக்குப் போன் போட்டுட்டு எனக்கும் போட்டாக. வாயி மாறியிருக்குன்னு நெனச்சேன், தங்கச்சி சரின்னுட்டா, அப்பச் சரியாத்தான் இருக்கும்னு சொன்னாக."

கற்பகவல்லியின் கையில் போனின் வெளிச்சம் தானாக அணைந்தது.

"புதன்கிழமை ஜட்ஜு ஐயா ஆஸ்பத்திரிக்கு வந்து வாக்குமூலம் எழுதுனாக. நான் கதவுகிட்ட நின்னேன். படம் யாரு போட்டதுன்னு கேட்டாக. படமெல்லாம் சரி, நாந்தான் கூட்டத் திருப்பி மாட்டிட்டேன்னு இவுக சொன்னாக. உதடு வெந்து போச்சு, பேச முடியலை. ரெண்டு தடவ சொன்னாக. வெரல்ல மை தடவக்கூட எடமில்ல. கால் பெருவெரல்லதான் வச்சு எடுத்தாக."

அடுப்பில் யாரோ போட்டுவிட்டுப் போன காப்பி பொங்கி வழிந்தது. முத்துப்பேச்சி எழுந்து அதை அணைத்தாள். கரித்துணியால் சுற்றிலும் துடைத்தாள்.

"நான் சொல்லிருதேன் மதினி. ஸ்டேஷனுக்குப் போயி."

"நீ சொன்னா அவுக பொய் சொன்னதா ஆகும்." துணியை அலசிப் பிழிந்து கம்பியில் போட்டாள். "எனக்கு உன்னையப் பாக்கப் பிடிக்கலை கற்பகம். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராத. ஆனா அவுக சொன்னத மாத்தாத."

வெற்றிலையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

நீர்மாலை எடுத்து வந்தார்கள். கட்டை அவிழ்க்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால் வாசல் பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டவில்லை. பெட்டியின் தலைமாட்டுக் கண்ணாடியை மட்டும் திறந்து நெற்றியில் தண்ணீரைத் தெளித்தார்கள். வாய்க்கரிசித் தட்டு வந்தது. பொம்பளையாட்கள் இடஞ்சுற்றி வந்து அரிசி போட வேண்டும். பெட்டி சுவரோடு ஒட்டிக் கிடந்தது. சுற்ற வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே போட்டுவிட்டு நகரலாம் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். எல்லோருக்கும் அது நல்லதாகப் பட்டது.

"நகத்துங்க" என்றாள் முத்துப்பேச்சி.

"எதுக்குத்தா, அந்தப் பக்கம் வேணாம்."

"சுத்தித்தான் வரணும். நகத்துங்க."

நான்கு பேர் பெட்டியைத் தூக்கிக் கிழக்கே இழுத்தார்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவு இடம் கிடைத்தது. கொட்டுச் சத்தம் கூடியது. முத்துப்பேச்சி முதலில் போனாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். சுவர்ப்பக்கம் நுழையும்போது எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு, அந்தப் பக்கம் பார்க்காமல், வேகமாகக் கடந்தார்கள்.

கற்பகவல்லியின் முறை வந்தது. ஈர அரிசியைக் கைநிறைய அள்ளித் தலைமாட்டில் போட்டாள். கால்மாடு வரை நடந்து, திரும்பி, சுவர் ஓரமாக நுழைந்தாள். முதுகு சுண்ணாம்பில் உரசியது.

வலப்பக்கக் கண்ணாடியை, காலையிலிருந்து வந்தவர்கள் துடைத்துத் துடைத்துத் தெளிவாக்கியிருந்தார்கள். இந்தப் பக்கத்தை ஒருவரும் தொடவில்லை. குளிர்ச்சியில் கண்ணாடி முழுக்க நீர் பூத்து, உள்ளே வெள்ளையாக ஏதோ நீளமாகக் கிடப்பதுபோல மட்டும் தெரிந்தது.

அவள் நின்றாள். பின்னால் வந்த வரிசை நின்றது. போத்தா, போ என்று யாரோ மெல்லச் சொன்னார்கள்.

முந்தானை நுனியைச் சுருட்டி, முகம் இருக்கும் இடத்தில் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளங்கை அளவுக்குத் தெளிந்தது. அங்கிருந்து கழுத்துவரை துடைத்தாள். பிறகு தோள், கை. குனிந்து, ஒவ்வோர் இடமாகப் பார்த்தாள். இடுப்புக்கு வந்தபோது முகத்தின் பக்கம் மறுபடி மங்கத் தொடங்கியிருந்தது. அவள் திரும்பப் போய் அதைத் துடைத்தாள்.