பொதுமக்கள் உறுப்பினர்

மருத்துவ ஆராய்ச்சிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் அரசுப் பணம் ஒதுக்கும் குழுவில் நாங்கள் ஏழு பேர். நான்கு டாக்டர்கள், நிதித்துறை அதிகாரி ஒருவர், தலைவர், நான். நான் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். மனைவி இறந்து ஐந்து மாதம் ஆகிறது. தசைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துபோகும் நோய். இருபத்தொன்பது வயது.

தங்களைக் கேட்காமல் பணத்தைப் பிரிக்கிறார்கள் என்று நோயாளிகள் சங்கம் மந்திரி வீட்டு வாசலில் உட்கார்ந்ததில் குழுவில் ஒரு நாற்காலி கிடைத்தது. நோயாளியை உட்காரவைத்தால் பாதியில் போய்விடக்கூடும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நோயாளியை இழந்தவனை உட்காரவைத்தார்கள். கடிதத்தில் என் பதவி ‘பொதுமக்கள் உறுப்பினர்’.

கூட்டத்துக்கு முந்தைய மாலை மனைவியின் தங்கை வீட்டுக்கு வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“ஃபோன் எடுக்க மாட்டேங்கறீங்க. அதான் நேர்லயே வந்துட்டேன். மூணு மாடி, மாமா. படியிலதான் ஏறினேன்.”

“லிஃப்ட் வேலை செய்யலையா?”

“செய்யுது. உங்களுக்குக் காட்டத்தான் ஏறினேன்.”

அவளுக்கும் அதே நோய். ஒரு டாக்டர் முப்பத்தெட்டுப் பேருக்குப் புது மாத்திரை கொடுத்துச் சோதித்துவருகிறார். அதில் இவளும் ஒருத்தி. எட்டு மாதமாகச் சாப்பிடுகிறாள். நோயின் இந்தக் கட்டத்தில் என் மனைவியால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. சோதனைக்கான பணம் இந்த மாதத்தோடு தீர்கிறது. நீட்டிப்பதா நிறுத்துவதா என்பது மறுநாள் எங்கள் குழு முன் வருகிறது.

“உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு படிவம் குடுப்பாங்களாமே. பயன்பெறக்கூடிய உறவினர் உண்டான்னு. உண்டுன்னு எழுதினா வெளிய அனுப்பிடுவாங்களாம். இல்லைன்னு எழுதிடுங்க.”

“பொய் ஆயிடும்.”

“அக்காவே போயிட்டா. அப்புறம் நான் யாரு உங்களுக்கு? இந்த அஞ்சு மாசத்துல ஒரு தடவையாவது கூப்பிட்டீங்களா? இதுல பொய் எங்க வந்துச்சு?”

சரி என்றேன். சாப்பிட எதுவும் இல்லை என்று சொன்னேன். தெரியும் என்றாள். இறங்கும்போதும் படியிலேயே இறங்கினாள்.

காலையில் குழு அலுவலகத்து எழுத்தர் அம்மா படிவத்தை நீட்டினார். நான் தயங்குவதைப் பார்த்தார்.

“உங்களுக்குக் குழப்பமே இல்ல சார். இல்லைன்னு போடுங்க. சம்சாரம்தான் தவறிட்டாங்களே, அந்தப் பக்கம் யாரும் கணக்குல வரமாட்டாங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னார். ஐந்து மாதத்தில் வங்கியிலும் ஆபீசிலும் வாக்காளர் பட்டியலிலும் அவள் பெயரை அடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அன்று ‘உண்டு. மனைவியின் தங்கை’ என்று எழுதிக்கொடுத்தேன். ஏன் என்று இப்போது கேட்டாலும் தெரியாது.

கூட்ட அறைக்கு வெளியே, தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். நிதித்துறை அதிகாரி சிகரெட் பெட்டியோடு வெளியே வந்தார்.

“மூணுக்கு மூணு, தம்பி. சமம்னா விண்ணப்பம் விழுந்துடும், அதான் விதி. நான் எதிர்த்துதான் கை தூக்கினேன், ஒளிக்க என்ன இருக்கு. மந்திரி தன் தொகுதிக்கு ஆஸ்பத்திரிக் கட்டடம்னு மேடையில வாய விட்டுட்டாரு. காசு வானத்துலேருந்தா கொட்டும்?” போகத் திரும்பியவர் நின்றார். “நீங்க உள்ள இருந்திருந்தா நாலு மூணு. நல்ல நேரம் பார்த்து உத்தமனா இருந்தீங்க.”

அடுத்த விண்ணப்பத்துக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்கள். அது அந்தக் கட்டடம்தான். ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

மதியம் நானே அவளைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

“போச்சு,” என்றேன்.

“படிவத்துல என்ன எழுதினீங்க?”

சொன்னேன்.

“இத்தனை நாள் இல்லாத உறவு இன்னிக்குத்தான் முளைச்சுதா, மாமா?”

அவள் அழவில்லை. வீட்டில் இன்னும் பதினோரு மாத்திரை இருக்கிறது என்றாள். ஒரு நாளைக்கு இரண்டு. ஒன்றாகக் குறைத்தால் பதினோரு நாள் வருமே, டாக்டர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டாள். தெரியாது என்றேன்.

“அந்தக் காசு எங்க போகுது?”

“ஒரு கட்டடத்துக்கு.”

“அதுக்கும் ஓட்டு இருந்துச்சா?”

“இருந்துச்சு. ஏழு பேரும் கை தூக்கினோம்.”

“நீங்களுமா?”

“நானும்தான்.”

“ஏன்?”

“எல்லாரும் தூக்கினாங்க.”

அவள் ஃபோனை வைப்பாள் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.