ஒத்தோனியேலின் இடது முட்டி

பியேத்ரா கோர்தா ஊரில் யாருக்காவது உடம்பில் எங்காவது வலித்தால், அது முதலில் வலித்தவருக்குத் தெரியும். அடுத்தபடியாக எர்சிலியாவுக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரிவதெல்லாம் அதற்கப்புறம்தான். அந்த வருஷம் ஊரின் பேஸ்பால் அணியான நண்டுகளுக்கு வலிக்காத இடமே இல்லை என்பதால், எர்சிலியாவின் அழகு நிலையத்தில் உட்கார நாற்காலி கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டது.

மைதானத்தில் முதல் தளத்தைக் காக்கிற தடியன், டோமினோவில் ஜெயித்த சந்தோஷத்தில் கடைசிக் கட்டையை மேஜையில் ஓங்கி அடித்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டான். உயரே போன பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ஓடியவன், மதில் சுவரில் இருந்த பீர் விளம்பரத்தில் போய் மோதி விலாவை உடைத்துக்கொண்டான். இத்தனைக்கும் அவன் குடிக்காதவன். பந்து பிடிக்கிறவனுக்குக் கட்டைவிரல். அவனுக்குப் பதிலாக வந்தவனுக்கும் கட்டைவிரல்தான், ஆனால் அவனுடையது லாரிக் கதவில். பந்தெறிகிறவர்களோ ஒவ்வொருவராகத் தோள், முழங்கை, முதுகு என்று படுத்துவிட்டார்கள். இருந்தும் நண்டுகள் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். மேல்வரிசை படுத்தால் கீழ்வரிசை, கீழ்வரிசையும் படுத்தால் மீன் சந்தையிலிருந்து ஒரு மச்சான் என்று யாரோ வந்து நின்று பந்தை அடித்தார்கள். "இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான்" என்பதில் ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகமில்லை. கோப்பையைத் தூக்க முழுசான கை உள்ள ஒருவன் மிஞ்சுவானா என்பதில்தான் சந்தேகம்.

வீரர்களின் மனைவிகளும் காதலிகளும் தலைமுடிக்கு எர்சிலியாவிடம்தான் வந்தாக வேண்டும். எல்லாருக்கும் அவள் 'தோன்யா', அம்மா என்கிற மாதிரி ஒரு மரியாதை. ஒரே வீரனுக்கு இரண்டும் இருந்தால் வெவ்வேறு கிழமைகளில் வருவார்கள். அந்தக் கிழமைகளைப் பிரித்துக் கொடுத்தவளே எர்சிலியாதான். ஆகவே செய்திக்குப் பஞ்சமில்லை. வதந்தி என்ற சொல்லை மட்டும் அவள் எதிரில் யாரும் சொல்லக்கூடாது. தலையில் ரோலர் சுற்றியிருக்கும்போதே எழுப்பி வெளியே அனுப்பிவிடுவாள். ஒரு விஷயத்தை இரண்டு வாயில் கேட்டு ஒத்துப்பார்க்காமல் தன் வாயைத் திறந்ததில்லை என்பது அவள் பெருமை. ஒருமுறை ரேடியோக்காரன், நண்டுகளின் ஆட்டக்காரன் ஒருவன் பயிற்சியில் கணுக்காலைப் பிசகிக்கொண்டதாகச் சொன்னான். எர்சிலியா நேரே அவன் அலுவலகத்துக்கே போய்விட்டாள். "பயிற்சியிலயா? மாமியார் வீட்டுப் படியில தம்பி. அந்தப் படிய சரி பண்ணித் தர்றேன்னு அவனே ஆறு மாசமா ஏமாத்திக்கிட்டிருந்தான்." மறுநாள் ரேடியோ திருத்தம் வாசித்தது. அவளுக்கு வீடு வாடகை, கடை வாடகை, தலைக்கு மேலே சுற்றுகிற மின்விசிறிகூடத் தவணை. சொந்தம் என்று இருந்ததெல்லாம் அவள் பேச்சுக்கு இருந்த அந்த மதிப்பு ஒன்றுதான்.

இறுதிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை, ஆலையூர்க்காரர்களோடு. சர்க்கரை ஆலை இருக்கிற திமிர் அவர்களுக்கு எப்போதும் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் யோக்காஸ்தா வந்தாள். நண்டுகளில் எழுந்து நிற்கக்கூடிய ஒரே பந்தெறிகிறவன் ஒத்தோனியேல், அவனுடைய மனைவி. கழுத்தைத் தொட்டியில் சாய்த்து, நுரைக்குள்ளிருந்து மெல்லச் சொன்னாள்:

"தோன்யா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவருக்கு வலது கை நடுவிரல்ல கொப்புளம். உடைஞ்சு தோல் உரிஞ்சிடுச்சு. வளைபந்து போடவே முடியலையாம். மேனேஜருக்குக்கூடத் தெரியாது."

எர்சிலியாவின் கை தண்ணீரிலேயே நின்றுவிட்டது. வளைபந்து இல்லாத ஒத்தோனியேல், கொடுக்கில்லாத நண்டு. நேர்பந்துதான் வரும் என்று தெரிந்துவிட்டால் ஆலையூர்க்காரர்கள் கால் மேல் கால் போட்டுக்கொண்டு அடிப்பார்கள்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"அவருக்கு, எனக்கு, இப்ப உங்களுக்கு."

"அப்ப இதோட நிக்கணும். உன் அம்மாகிட்டகூட வாயத் திறக்காத."

சொல்லிவிட்டாளே தவிர, அன்று மத்தியானமே சோதனை வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் சாப்பாட்டுத் தூக்கம் கலைந்ததும் ஆலையூரிலிருந்து தெமெத்ரியோ போன் பண்ணுவார். எர்சிலியாவின் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவர். அந்த உறவில் இவளுக்கு அவர் கொம்பாத்ரே, அவருக்கு இவள் கொமாத்ரே. ஆலையூர் மேனேஜரோடு ஒரே மேஜையில் டோமினோ ஆடுகிறவர். இங்கே சொல்வது அங்கே போகும், அங்கே நடப்பது இங்கே வரும், இருவருக்கும் தெரியும். அதில் கள்ளம் எதுவுமில்லை.

"கொமாத்ரே, ஒரு விஷயம் கேக்கணும்" என்று ஆரம்பித்தார். "போன ஞாயிறு எங்க மருமக உங்க ஊர்ப் பூசைக்கு வந்தா. சமாதானம் சொல்லிக் கை குலுக்கும்போது உங்க ஒத்தோனியேல் எல்லாருக்கும் இடது கையக் குடுத்தானாமே? வலது கைக்கு என்ன?"

எர்சிலியா பேசாமல் இருந்தாள். பேசாமல் இருப்பதே பதில் என்பது அடுத்த கணமே உறைத்தது. இருபது வருஷமாக அந்த மனிதர் அவள் மூச்சு விடுகிற சத்தத்தைக்கூடப் போனில் கேட்டதில்லை, அப்படிப் பேசுவாள்.

"கொமாத்ரே? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் இருக்கேன். கைக்கு என்ன கேடு? நல்லாத்தான் இருக்கு. முட்டிதான்."

"முட்டியா?"

"இடது முட்டி. நிக்க முடியல பாவம். வலது கையால பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அப்ப சமாதானத்துக்கு எந்தக் கை மிச்சம்? நீங்களே சொல்லுங்க."

"அடடா" என்றார் தெமெத்ரியோ, துக்க வீட்டுக் குரலில். அந்தக் குரலுக்குள் அவர் துள்ளிக் குதிப்பது இவளுக்கு நன்றாகவே கேட்டது. போனை வைத்தாள். வாழ்க்கையில் முதல் பொய். வந்த லட்சணத்தைப் பார்த்தால் முதல் பொய் மாதிரியே இல்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பொய்யை ஆலையூரோடு நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தாள். இந்தத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தவள் அப்படி நினைத்திருக்கக்கூடாது. தெமெத்ரியோவின் மருமகள் தன் அக்காவிடம் சொல்ல, அக்கா மீன் வண்டிக்காரனிடம் சொல்ல, சாயங்காலத்துக்குள் முட்டி ஊர் திரும்பிவிட்டது. எதிர்முனைக் கடைக்காரன் மெலானியோ ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்தினான். அவன் அப்பா செத்த அன்றுகூடச் சத்தத்தைக் குறைத்தானே ஒழிய நிறுத்தவில்லை.

"தோன்யா!" என்று தெருவின் அந்தப் பக்கமிருந்து கத்தினான். "முட்டியாமே? நீங்க சொன்னதாமே?"

இப்போது மறுத்தால் மருமகள், அக்கா, மீன் வண்டி என்று அதே வழியில் மறுப்பும் ஆலையூர் போய்விடும்.

"நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

"அப்ப போச்சா?"

"என்ன போச்சு? ஞாயித்துக்கிழமை ஜெயிக்கிறோம். பாட்டைப் போடு."

சனிக்கிழமை காலை யோக்காஸ்தா அழுதுகொண்டே வந்தாள். நேற்று போட்ட அலங்காரம் முழுக்கக் கலைந்திருந்தது.

"பாத்தீங்களா தோன்யா அந்த மனுஷன! விரலை மட்டும் காட்டிட்டு முட்டிய எங்கிட்ட மறைச்சிட்டாரு! ஊருக்கே தெரியுது, கட்டினவளுக்குத் தெரியல!"

எர்சிலியா அவளை நாற்காலியில் உட்கார வைத்தாள். உண்மையைச் சொல்லலாம். ஆனால் யோக்காஸ்தாவிடம் சொல்வதும் மெலானியோவின் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. ஒலிபெருக்கியாவது மின்சாரம் போனால் நிற்கும்.

"அவன் என்ன சொல்றான்?"

"ஒண்ணுமில்லங்கறாரு. அமுக்கிப் பாத்தேன். நல்லா அமுக்கினேன். 'ஆ'ன்னாரு. அப்புறம், 'நீ சொன்னதுலேருந்து கொஞ்சம் ஒரு மாதிரியாத்தான் இருக்கு'ங்கறாரு. தைலம் தேச்சுக் கட்டுப் போட்டு விட்டிருக்கேன். நாளைக்கும் நான்தான் கட்டுவேன், இறுக்கமா."

"கட்டு" என்றாள் எர்சிலியா. "நல்லா வெளிய தெரியற மாதிரி கட்டு."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு ஊரே வந்துவிட்டது. சுளுக்கு, தையல், மாவுக்கட்டோடு நண்டுகளின் பாதி அணி ரசிகர்களோடு படியில் உட்கார்ந்து வறுத்த வாழைக்காய் தின்றது. ஒத்தோனியேல் உள்ளே வந்தான். யோக்காஸ்தா போட்ட கட்டு காற்சட்டைக்கு மேலே தலையணை மாதிரி புடைத்திருந்தது. அது இறுக்கிப் பிடித்ததில் காலை இழுத்து இழுத்து நடந்தான். ஆலையூர்ப் பக்கத்துப் படியிலிருந்து ஆரவாரம் கிளம்பியது. தெமெத்ரியோ தூரத்திலிருந்து எர்சிலியாவைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார், நன்றி சொல்கிற மாதிரி. அவள் விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஆட்டம் தொடங்கியது. ஆலையூர் மேனேஜர் முட்டி கெட்டவனை எப்படி ஒழிப்பது என்று தெரிந்த ஆள். அடிக்கவே வேண்டாம், மட்டையால் பந்தை மெல்லத் தொட்டு, எறிகிறவனுக்கு முன்னால் உருட்டிவிட்டால் போதும். அவன் ஓடிவந்து, குனிந்து, எடுத்து, திரும்பி எறிந்தாக வேண்டும். நாலு தடவை குனிந்தால் ஆள் காலி. முதல் ஆள் தொட்டு உருட்டினான். ஒத்தோனியேல் முட்டியில் கட்டு இருப்பதையே மறந்துவிட்டு நண்டு மாதிரியே பக்கவாட்டில் பாய்ந்து எடுத்து முதல் தளத்துக்கு எறிந்தான். அவுட். இரண்டாவது ஆளும் உருட்டினான். அவுட். மூன்றாவது ஆளும்.

"என்னடா இவனுங்க, மட்டைய வாடகைக்கா எடுத்துட்டு வந்திருக்கானுங்க? ஓங்கினா கூடக் காசு கேப்பாங்களா?" என்று மெலானியோ சிரித்தான்.

ஒத்தோனியேல் நேர்பந்தைத் தவிர வேறெதுவும் போடவில்லை. குருடன்கூட அடிக்கக்கூடிய பந்துகள். ஒருவனும் அடிக்க ஓங்கவில்லை. இன்னிங்ஸுக்குப் பின் இன்னிங்ஸ் ஓடியது. அடுத்த பந்தில் முட்டி போய்விடும், இதோ இந்தப் பந்தில் போய்விடும் என்று ஆலையூர் மேனேஜர் காத்துக்கொண்டிருந்தார். இதற்கிடையில் மீன் சந்தை மச்சான் ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிய மட்டையில் பந்து பட்டு, நண்டுகளுக்கு ஒரு ஓட்டம் கிடைத்தது.

கடைசி இன்னிங்ஸில் ஆலையூர்க்காரன் ஒருவன் பொறுமையிழந்து, மேனேஜர் பேச்சைக் கேட்காமல் ஓங்கி அடித்துவிட்டான். பந்து மதில்வரை போனது. அவன் மூன்றாம் தளத்தில் போய் நின்றான். எர்சிலியாவின் விசிறி நின்றுவிட்டது. அடிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டதே! நண்டுகளுக்கு இன்னும் ஒரே ஒரு அவுட் போதும். ஆனால் அடுத்தவனும் ஓங்கிவிட்டால் எல்லாம் போச்சு. அவள் ஆலையூர் மேனேஜரையே பார்த்தாள். 'உனக்குத் தகவல் சொன்னது யாருன்னு நெனச்சுப் பாருய்யா. இதுவரைக்கும் தப்பாச் சொன்னதுண்டா?' என்று மனசுக்குள் அவரிடமே ஜெபம் பண்ணினாள். மேனேஜர் மூக்கைத் தொட்டு, காதைத் தொட்டு, சைகை காட்டினார். மட்டைக்காரன் குனிந்து பந்தைத் தொட்டு உருட்டினான். ஒத்தோனியேல் பாய்ந்து எடுத்து நேரே வீட்டுத்தளத்துக்கு எறிந்தான். மூன்றாம் தளத்திலிருந்து ஓடிவந்தவன் புழுதியில் சறுக்கி வந்து சேர்ந்தபோது, பந்து அங்கே அவனுக்காகக் காத்திருந்தது.

அப்புறம் நடந்தது எதுவும் யாருக்கும் சரியாக ஞாபகமில்லை. மாவுக்கட்டுக்காரர்கள்கூட ஆடினார்கள்.

திங்கட்கிழமை காலையில் கடை நிரம்பி வழிந்தபோது போன் அடித்தது. எர்சிலியாவின் இரண்டு கையிலும் சாயம். யோக்காஸ்தா பொத்தானை அமுக்கி, சத்தத்தைப் பெரிதாக வைத்தாள்.

"கொமாத்ரே" என்றார் தெமெத்ரியோ. குரலில் சாம்பல் பூத்திருந்தது. "ஒரே ஒரு கேள்வி. நம்ம பொண்ணு ஞானஸ்நானத்து மேல ஆணையாச் சொல்லுங்க. முட்டி வலி உண்டா, இல்லையா?"

ரோலர் சுற்றிய தலைகளெல்லாம் எர்சிலியா பக்கம் திரும்பின. 'உண்டு' என்று சொல்லிவிட்டால் போதும். ஒற்றைக்காலோடு ஒரு வீரன் ஜெயித்தான் என்று முடிந்துவிடும், அவள் பேருக்கும் ஒரு கீறல் விழாது. ஆனால் தன் பேரில் ஒரு தப்பான செய்தி ஊர் சுற்றிக்கொண்டிருப்பதை நினைத்தால் அவளுக்கு உடம்பெல்லாம் அரித்தது. அதோடு, சொல்வதற்கென்ன, கோப்பையை வாங்கிக்கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

"இல்ல கொம்பாத்ரே. முட்டி கல்லு மாதிரி இருந்துச்சு. விரல்லதான் கொப்புளம். உங்ககிட்ட நான் பொய் சொன்னேன். என் வாழ்க்கையில ஒரே பொய். மன்னிச்சுடுங்க. ஆனா மறுபடி கேட்டாலும் சொல்லுவேன்."

தெமெத்ரியோ சிரித்தார்.

"தோத்துப் போனவனுக்கு ஆறுதல் சொல்றீங்களா? நல்ல மனசு உங்களுக்கு. கட்டு போட்டிருந்தத நான் என் கண்ணால பாத்தேனே கொமாத்ரே. நொண்டினானே."

"அந்தக் கட்டு இவ போட்டது! ஏய் யோக்காஸ்தா, சொல்லுடி!"

"ஐயோ தோன்யா, இப்பவும் வீங்கித்தான் கெடக்கு" என்றாள் யோக்காஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ராத்திரி பூரா பிடிச்சு விட்டேன்."

"வீங்காம என்னடி பண்ணும், அந்த இறுக்கு இறுக்கினா!"

"நீங்க தப்பாச் சொன்னதா வரலாறே கெடையாதே" என்றாள் டிரையருக்கு அடியில் இருந்தவள், அந்தச் சத்தத்தை மீறி. "எதுக்கு இப்ப அடக்கம்?"

எர்சிலியா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லா முகத்திலும் அன்பு வழிந்தது, ஒன்றில்கூட நம்பிக்கை இல்லை. இத்தனை வருஷம் உண்மையாகச் சொல்லிச் சொல்லிச் சேர்த்த மதிப்பு, அந்த ஒரே பொய்யைச் சிமெண்ட் போட்டுப் பூசி நிறுத்திவிட்டது. இனி அவளே நினைத்தாலும் இடிக்க முடியாது.

எதிர்க்கடை ஒலிபெருக்கியில் மெலானியோ ரேடியோவைத் திறந்துவிட்டான். பேட்டி. ஒத்தோனியேல்தான். எர்சிலியாவுக்கு ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அவனாவது சொல்வானே, அவன் உடம்புதானே.

"வலியா?" என்றான் ஒத்தோனியேல், தெரு முழுக்கக் கேட்கும்படி. "அத ஏன் கேக்கறீங்க. ஒவ்வொரு தடவ குனியும்போதும் உயிர் போச்சு. ஊருக்காகப் பல்லைக் கடிச்சுக்கிட்டேன். இந்த வலது முட்டி இருக்கே..."

எர்சிலியா சாயக் கையோடு வாசலுக்கு ஓடினாள்.

"இடது முட்டிடா!" என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக் கத்தினாள். "மெலானியோ, அந்த ரேடியோக்காரனுக்குப் போனைப் போடு. திருத்தம் வாசிக்கச் சொல்லு. இடது!"