தாளின் பின்பக்கத்தில் ஒரு வெல்டர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. அக்கா என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருக்கிறாள், நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் பிரிவு அவள் பொறுப்பு.

முதல் வரி: "பிரிண்டர் ஒரு மிருகம்போல உறுமி—" வேண்டாம். அது கீச்சென்றுதான் கத்துமாம்.

இன்னொன்று: "நவீன வாழ்வில் மனிதன் தகவல்களின்—" சீ! இதைப் படிக்க உங்களுக்கு என்ன தலையெழுத்து?

2

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நிலையத்தில் தினமும் அச்சாகும் ரிப்போர்ட் ஒன்றுதான், அன்றைக்கு வந்த எல்லோருக்கும் சேர்த்து வரிசையாக. அதற்குள் மூன்று பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் பிரிண்டர் அமைப்பு தனித்தனி.

"முடிவுகள் வெள்ளைத் தாள்ல, ரெண்டு பக்கமும். படமெல்லாம் கலர் பிரிண்டர்ல. பில்லு குறுக்குவாட்டுல. ஒண்ணைச் சரி பண்ணா இன்னொண்ணு கோணிக்கும். மேனேஜருக்கென்ன, ரெண்டு பக்கமும் அடிங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. வந்து உட்கார்ந்து பண்ணச் சொல்லு பார்ப்போம்!"

(வாசகரே, தூங்கிவிடாதீர்கள். கேட்டபோது நானும் கொட்டாவி விட்டேன். தலையில் ஒரு குட்டு விழுந்தது.)

3

தவறு இதுதான். ஒவ்வொருவரின் முடிவும் புதிய பக்கத்தில் தொடங்கும்படி அக்கா அமைத்திருந்தாள். புதிய தாளில் தொடங்கும்படி அமைக்கவில்லை. எல்லோருக்கும் இரண்டிரண்டு பக்கம் வந்தவரை வித்தியாசம் தெரியவில்லை. போன வாரம் ஒரு நாள் ஒரு வாத்தியாருக்கு ஒரே பக்கம். பின்பக்கம் காலியாகக் கிடந்தால் பிரிண்டர் சும்மா விடுமா? அவருக்கு அடுத்து, வரிசையில் கடைசியாக இருந்தவரின் முதல் பக்கத்தை அங்கே அடித்துவிட்டது.

அந்தக் கடைசி ஆளைத் தையல்காரர் என்று வைத்துக்கொள்— "வெல்டர்தான்டா அவரு, எதுக்கு மாத்துற?" சரி, வெல்டர். அவர் கைக்குக் கிடைத்தது இரண்டாம் பக்கம் மட்டும். அதில் எல்லாம் நன்றாக இருந்தது. சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருப்பதைச் சொல்லும் எண் வாத்தியாரின் பைக்குள் போய்விட்டது.

இன்று காலை வாத்தியார் தாளும் கையுமாக வந்து நின்றார். "ஏம்மா, என் முதுகுக்குப் பின்னாடி யாரையோ குடி வெச்சிருக்கீங்களே!"

4

முடிவு அ: அக்கா போன் செய்கிறாள், வெல்டர் ஓடி வருகிறார், எல்லாம் சுபம். எனக்கே நம்பிக்கை இல்லை.

முடிவு ஆ: "அவரா வந்து கேட்டா பார்த்துக்கலாம். நீங்க வாயைத் திறந்தா வேலை போயிடும்" என்று மேனேஜர் அந்தத் தாளை மேசைக்குள் வைத்துப் பூட்டுகிறார்.* இது என் சொந்தக் கற்பனை. தோளுக்கு மேலாக எட்டிப் படித்த அக்கா, "உனக்கு யாருடா சொன்னா?" என்றாள்.

அவள் வேலை நேரத்தில் என் வீட்டில் இருப்பதன் காரணம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெல்டரின் எண் அவள் போனில் இருந்தது.

* மேனேஜரை வில்லனாக்க ஆசைதான். அக்கா விடவில்லை. "அவருக்கும் பயம்டா, பாவம்."

5

அழுத்திவிட்டாள். ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது.

"வணக்கங்க, பரிசோதனை நிலையத்துலேருந்து பேசறேன்."

"சொல்லுங்கம்மா! ரிசல்ட் நல்லா வந்துச்சுன்னு வீட்டுல எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். சாப்பிட்டுட்டிருந்த மாத்திரையைக்கூட நிறுத்திட்டேன்."

அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். "பக்கம் பக்கமா எழுதுறியே, ஒரே ஒரு வரி குடுடா. எப்படி ஆரம்பிக்கிறது?"

தேடிப் பார்க்கிறேன். எனக்கு வருவதெல்லாம் "வாழ்க்கை என்பது—". வெட்கமாக இருக்கிறது.

"அம்மா, லைன்ல இருக்கீங்களா?" என்கிறார் வெல்டர்.

வாசகரே, உங்களைத்தான் கேட்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள்.