அடிக்காத போன்

மாத்தளை ஹோட்டலொன்றில் வாசனைத் திரவிய வியாபாரிகள் கூடியிருந்தார்கள். கொழும்பு ஏற்றுமதியாளர் ஒருவர், கராம்பு எண்ணெய் வடித்து விற்கும் சுகந்தினியிடம் தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்துவிட்டுத் தேனொழுகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த ஊர்?"

இத்தனை காலமும் "டவுன்தாங்க" என்று சொல்லியே தப்பித்து வந்தவளுக்கு இன்று அலுத்துப்போயிற்று.

"எஸ்டேட்டுங்க. கொழுந்து பறிக்கிறவங்க குடியிருக்கிற லயத்துல பொறந்து வளந்தவ."

அவர் முகம் சுருங்கியது. அடிக்காத போனைக் காதில் வைத்து, "ஹலோ, சொல்லுங்க" என்றபடி நழுவினார்.

விடுவாளா? கார்டிலிருந்த எண்ணுக்கு அழைத்தாள். அவர் காதிலேயே மணி அலறியது. எல்லோரும் திரும்பிப் பார்க்க, அசடு வழிய எடுத்தார்.

"லயத்துக்காரிதான் பேசுறேன்," என்றாள், அவர் எதிரிலேயே வந்து நின்று. "நீங்க எந்த ஊருன்னு இன்னும் சொல்லலீங்களே?"