இரண்டு விண்ணப்பங்கள்

அப்பாவின் ஒரு கன்னத்தை மழித்து முடித்தபோது வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கையில் கோப்போடு இறங்கிய வேளாண்மை அலுவலர், கூடத்தில் கிடத்தியிருந்தவரைப் பார்த்ததும் உள்ளே வரவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் நின்றார்.

"காலைலதான்..." என்றாள் மகள்.

"அய்யோ, தெரியாதும்மா. மானியத்துக்கு நிலம் அளக்க வந்தேன்."

"இன்னைக்குத்தானே கடைசி நாள்?"

அவர் கோப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

தலைமாட்டிலிருந்த அம்மா நிமிர்ந்தாள். "போய்க் காட்டிட்டு வா. ரெண்டு மாசமா வண்டிச் சத்தம் கேட்டாலே எட்டிப் பார்த்த மனுஷன். வந்தவரைத் திருப்பி அனுப்பினா என்னைத்தான் திட்டுவார்." பிறகு மகளிடமிருந்து சவரக் கத்தியை வாங்கிக்கொண்டாள்.

மக்காச்சோளம் இடுப்புயரம் வளர்ந்திருந்தது. கைபேசியைப் பிடித்தபடி அலுவலர் நிலத்தைச் சுற்றி நடந்தார். "பேரை அப்புறம் அம்மாவுக்கு மாத்திக்கலாம்மா. அளவு இன்னைக்கு ஏறிட்டா போதும்."

எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் சித்தப்பாவின் ஒரு ஏக்கர். கிணற்றுத் தண்ணீரில் வந்த சண்டை. அண்ணனும் தம்பியும் பேசி ஒன்பது வருஷம். சித்தப்பா இடுப்பு முறிந்து படுத்ததிலிருந்து ஆள் வைத்துத்தான் விதைத்திருப்பார் என்று அவள் நினைத்திருந்தாள். ஆனால் கல்லைத் தாண்டியும் வரிசை கோணாமல் ஓடியது. அதே இடைவெளி, அதே உயரம். விதைப்பு மாதத்தில் அப்பா தினமும் நேரம் கழித்துத்தான் வீடு வந்தார். கேட்டால், "கால் வலி, மெதுவா நடந்து வந்தேன்" என்பார்.

"இதையும் அளக்கணும்," என்று அலுவலர் இன்னொரு தாளை எடுத்தார். சித்தப்பாவின் விண்ணப்பம். எழுத்து அப்பாவுடையது.

"உங்கப்பாதான் ரெண்டையும் கொண்டுவந்தார். 'நான் எழுதினேன்னு சொன்னா கிழிச்சுப் போட்டுடுவான், ஆபீஸ்ல எழுதினதா சொல்லிக் கையெழுத்து வாங்கிடுங்க'ன்னார்."

"குடுங்க," என்றாள். "நான் வாங்கிட்டு வரேன்."

சித்தப்பா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கைத்தடி மடியில் கிடந்தது.

"சேதி வந்துச்சு," என்றார். "வரலாமா, வரக்கூடாதான்னு..."

அவள் தாளை நீட்டினாள். "ஆபீஸ்ல எழுதிக் குடுத்தாங்க சித்தப்பா. கையெழுத்து போடணுமாம்."

அவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். பெயர் எழுதும் கட்டத்தில் முதலில் 'குட்டையன்' என்று எழுதி அடித்துவிட்டு, மேலே முழுப்பெயர் எழுதியிருந்தது. அவர் விரல் அந்த இடத்திலேயே நின்றது.

"ஆபீஸ்காரங்க என்னைக் குட்டையன்னா கூப்பிடுறாங்க?"

அவள் பேனா மூடியைக் கழற்றினாள். அவர் பேனாவுக்குக் கை நீட்டினார். கையெழுத்துப் போட வெகுநேரம் ஆனது.

தாளை அலுவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது சித்தப்பா தடியை ஊன்றி வாசலுக்கு வந்திருந்தார். தெருவழி சுற்று, வயல்வழி கிட்டம். வரப்பில் ஒருவர்தான் நடக்கலாம். அவரை வரப்பில் ஏற்றிவிட்டு, முழங்கையைத் தாங்கியபடி அவள் சோளத்துக்குள் இறங்கி நடந்தாள்.

"பார்த்து வாம்மா. பயிர் மேல கால் வச்சிடாதே," என்றார் சித்தப்பா. வழிநெடுக அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.