சுயம்புராஜ் பரம்படித்த குளியலறை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பூதலிங்கசாமி கோயில் கொடிமரத்தைத் தொட்டுச் சொன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்து பொய்யென்றாலும் சொல்லுகிறவனுக்கு மிச்சமிருக்கும் பற்கள் நாளை விடிவதற்குள் உதிர்ந்து போகட்டும். அதிகம் இல்லை, இருந்தாலும் பல் பல்தானே.

பூதப்பாண்டியில் தாணுமாலயன் என்றொரு விவசாயி. வயலைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. வேறெதைப் பற்றியும் எதுவும் தெரியாது. அவர் மனைவி சொர்ணம்மாள் சுத்தக்காரி. சந்தையிலிருந்து வந்த கத்தரிக்காயைக் கழுவுவாள், கழுவின தண்ணீர் கொட்டின இடத்தையும் கழுவுவாள். துபாயில் இருக்கும் மகன் அனீஷ் பளபளவென்று ஒரு குளியலறைப் படத்தைப் போனில் அனுப்பி, நம் வீட்டுக்கும் இப்படி டைல்ஸ் ஒட்டினால் என்ன என்று கேட்டிருந்தான். அதைப் பார்த்த நாள் முதல் அவளுக்குத் தன் வீட்டுச் சிமென்ட் தரையில் கால் வைக்கவே கூசியது.

வேலைக்கு வந்தவன் சுயம்புராஜ். வயலில் பரம்படிப்பதில் அவனை மிஞ்ச தோவாளை தாலுகாவிலேயே ஆள் கிடையாது. உழுத சேற்றில் பரம்புப் பலகையை இழுத்து மட்டம் பிடித்தானென்றால் வரப்புக்கு வரப்பு தண்ணீர் ஒரே அளவில் நிற்கும். அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கலாம். டிராக்டர் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டதும் அவன் டைல்ஸ் ஒட்டப் போய்விட்டான்.

"ரெண்டும் ஒரே சோலிதான் அண்ணாச்சி. அங்க சகதி, இங்க சிமென்ட்டு."

தாணுமாலயனுக்கு அது நியாயமாகவே பட்டது.

வேலை முடிந்த அன்று சுயம்புராஜ் வாளி வாளியாகத் தண்ணீரைத் தரையில் கொட்டினான். இருவரும் வாசலில் குத்தவைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கமும் போகவில்லை. வந்த விருந்தாளி உட்கார்ந்தது போல உட்கார்ந்துவிட்டது.

"பாத்தியளா அண்ணாச்சி? எங்கயாவது மேடு உண்டா, பள்ளம் உண்டா?"

தாணுமாலயன் ஒவ்வொரு மூலையிலும் விரலை விட்டு அளந்தார். எங்கும் நாலு விரற்கடை. அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

"ஏலே மக்கா, தங்கமான மட்டம்லா! நாத்தே நட்டுரலாம் போலிருக்கே."

இந்தச் சொல்லுக்காக அவர் பிற்பாடு பலமுறை நாக்கைக் கடித்துக்கொண்டார். தண்ணீர் வெளியேறும் ஓட்டையைத் தரையைவிட நாலு விரல் உயரத்தில் அவன் வைத்திருந்தான். மிஞ்சின தண்ணீர் மட்டும் போனால் போதும் என்பது வயல் கணக்கு. வாசலில் ஒரு வரப்பும் போட்டிருந்தான். அதையும் அவர் தட்டிப் பார்த்து, "கெட்டி" என்று மெச்சியிருந்தார்.

மறுநாள் காலை சொர்ணம்மாள் குளிக்கப் போனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"இஞ்ச வாருங்க! என்னதாக்கும் இது?"

"மட்டம்."

"மட்டமா? நான் தேச்ச அழுக்கு என் காலையே வந்து நக்குது. நீங்க காறித் துப்புனது மேல மெதக்குது, சிரைச்ச தாடி மயிரு விரலெடையில சுத்துது. குமட்டிக்கிட்டு வருது எனக்கு. ஒரு பொம்பள குளிச்சுட்டுக் காலு கழுவ எங்க போவா?"

"பாத்ரூமுக்கு" என்றார் தாணுமாலயன், யோசிக்காமல்.

அன்றைக்கே அவள் தோவாளையில் இருக்கும் மகள் அபிதா வீட்டுக்குப் பை எடுத்துவிட்டாள். படியிறங்கும்போது சொன்னாள்: "நிறைபுத்தரிக்குள்ள தரை காஞ்சா வந்து கதிரு கெட்டுவேன். காயலியா, நீங்களும் அந்தப் பரம்படிக்க சவமும் ஒண்ணா பொங்கித் தின்னுங்க."

ஆடி மாதம் நிறைபுத்தரி அன்று புது நெற்கதிரை வீட்டு நிலையில் கட்டுவது சொர்ணம்மாளின் கை. கல்யாணமாகி வந்த வருஷம் முதல் அது தவறியதே இல்லை. கட்டாத வீட்டில் அடுத்த ஆடி வரை சோறு தொண்டைக்குக் கீழே இறங்காது என்று தாணுமாலயன் முழுதாக நம்பினார். அவரே வைத்த தீயல் குழம்பு இப்போதே இறங்க மறுத்தது.

அதற்குக் காரணம் கைப்பக்குவம் மட்டுமல்ல. நாளாக நாளாக அந்தத் தண்ணீரின்மேல் ஓர் ஆடை படிந்தது. ஆறின பால்மேல் படிவது போல, ஆனால் சாம்பல் நிறத்தில், முடியும் நுரையும் சேர்ந்து. காலை வைத்தால் கிழிந்து, எடுத்ததும் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அடியில் வழவழவென்று ஏதோ ஒன்று பெருவிரலைப் பற்றி உறிஞ்சிப் பார்க்கும். நாற்றம் முதலில் குளியலறையில் இருந்தது. பிறகு துண்டில், பிறகு சட்டையில், கடைசியில் காலைக் காப்பியில். ஒரு வாய் குடித்துவிட்டு அவர் முற்றத்துக்கு ஓடி ஓங்கரிப்பார்.

புழு வந்தது. புழுவைத் தின்னத் தவளை வந்தது. தவளையைத் தேடி ஜன்னல் வழியாக ஒரு கொக்கு வந்து, சோப்புப் பெட்டிமேல் ஒற்றைக்காலில் நின்று, அவர் குளிக்கும்போது மரியாதைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அந்தப் பக்கமாக வாத்து மேய்த்துக்கொண்டு போனவன் எட்டிப் பார்த்து, "இந்த வயலை மேய்ச்சலுக்கு விடுவியளா?" என்று கேட்டான். அவர் கதவைச் சாத்தினார். சாத்தின வேகத்தில் சுவரிலிருந்து ஒரு டைல்ஸ் அப்பளம் போல உதிர்ந்து தண்ணீரில் விழுந்தது. தெறித்ததில் ஒரு துளி அவர் உதட்டில் பட்டது. அன்று முழுவதும் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

சுயம்புராஜைப் பிடித்து இழுத்து வந்தார்.

"கூறுகெட்ட மூதி, என்னலே செஞ்சு வச்சிருக்க?"

"நீங்கதானே விரலை விட்டு அளந்தியோ? தங்கமான மட்டம்னு சொன்னியளா இல்லியா?"

தாணுமாலயன் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இப்ப என்ன, தண்ணி வடியணும். அவ்வளவுதானே? வரப்பை வெட்டி விட்டுரலாம்." சொல்லி முடிப்பதற்குள் வாசல் வரப்பை வெட்டிவிட்டான். அத்தனையும் படுக்கையறைக்குள் பாய்ந்தது. செருப்புகள் மிதந்து கட்டிலுக்கடியில் போயின. தலையணை உறையில் ஒரு தவளை ஏறி உட்கார்ந்தது. "மேவயல்லயிருந்து கீவயலுக்கு எப்படிப் போவுது பாருங்க" என்றான் சுயம்புராஜ், பெருமை தாங்காமல். தாணுமாலயன் கட்டிலில் ஏறி நின்றுகொண்டு, அந்தச் சாம்பல் ஆடை பாய் விரிந்தது போல வருவதைப் பார்த்துக் கண்ணை மூடினார். மூக்கை மூட அவருக்கு மூன்றாவது கை இல்லை; ஒரு கையில் வேட்டி, ஒரு கையில் ஜன்னல் கம்பி.

வரப்பைத் திரும்பக் கட்டச் சொல்லி அவனைத் துரத்தினார்.

ஆடி பிறந்தது. அந்த வருஷம் மழை பிந்தியதால் முதல் போகமான கன்னிப்பூ சாகுபடியே பிந்திவிட்டது. நிறைபுத்தரி நெருங்கியும் பூதப்பாண்டி வயல்களில் ஒரு கதிர் வெளியே தலை காட்டவில்லை. தாணுமாலயன் வீட்டுக் குளியலறையில் காட்டியது. டைல்ஸுக்கு அடியில் சிமென்ட் போதாமல் அவர் வயல் சகதியையே சுயம்புராஜ் அள்ளிப் பூசியிருந்தான். அதில் கிடந்த நெல், விரல் நுழையும் இடுக்குகள் வழியே முளைத்து, சோப்பும் எச்சிலும் உரமாகி, ஆளுயரம் வளர்ந்து, பொன்போல விளைந்து தலைசாய்த்து நின்றது.

அவர் அருவருப்பை மறந்து போனை எடுத்தார். "ஏட்டி சொர்ணம், ஊருல யாருக்கும் இல்லாத கதிரு நம்ம வீட்டுல உண்டு. வா!"

அடுத்த பஸ்ஸிலேயே வந்தாள். குளியலறை வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"குளிச்சு, கொப்புளிச்சுத் துப்புன தண்ணியில வெளஞ்சதையா சாமி பேரு சொல்லி நிலையில கெட்டணும்? தூ!"

இடுக்கியால் பிடுங்கி மாட்டுக்கு முன்னால் போட்டாள். மாடு மோந்து பார்த்துவிட்டு, தொட்டிக்குப் போய் வாயை அலசியது. தாணுமாலயன் அந்த இடத்திலேயே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விடிந்தால் நிறைபுத்தரி.

சொர்ணம்மாள் சுயம்புராஜைக் கூப்பிட்டு அனுப்பினாள். திட்டவில்லை. கையில் விளக்குமாறு மட்டும் இருந்தது.

"ஏலே, நெல்லு காயப்போடுத களத்துல மழை பெஞ்சா தண்ணி நிக்குமா?"

"எப்படி நிக்கும் மைனி? நின்னா நெல்லு முளைச்சுரும்லா. ஒரு பக்கம் சரிச்சு வாட்டம் விட்டுல்லா களம் போடணும்."

"அப்ப இது வயலா, களமா?"

சுயம்புராஜ் குளியலறையைப் பார்த்தான். தாணுமாலயனும் நிமிர்ந்து பார்த்தார். இருவருக்கும் இந்த யோசனை வாழ்நாளில் அப்போதுதான் வந்தது.

"களம்" என்றான் அவன், மெதுவாக.

"களம்தான்" என்றார் இவர்.

டைல்ஸைப் பெயர்க்கக் கடப்பாரை வேண்டியிருக்கவில்லை, நகத்தால் கிளப்பினார்கள். அடியிலிருந்த கறுப்புச் சகதியை மூக்கில் துணி கட்டிக்கொண்டு இருவரும் வாரினார்கள். தாணுமாலயன் நடுவில் இரண்டு முறை வெளியே ஓடி வாந்தியெடுத்தார். அந்தி சாய்வதற்குள் களத்துக்கு விடுகிற அதே வாட்டத்தில் தரை எழும்பியது. சொர்ணம்மாள் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள். அது நிற்கலாமா என்று ஒரு கணம் யோசித்தது போலிருந்தது. விளக்குமாற்றைப் பார்த்ததும் ஓட்டையைத் தேடி ஓடிவிட்டது.

மறுநாள் அவள் குளித்துவிட்டு, உலர்ந்த தரையில் நடந்து வந்து, வெளியூரிலிருந்து கோயிலுக்கு வந்த கதிரில் ஒரு பிடி வாங்கி நிலையில் கட்டினாள். மத்தியானம் தாணுமாலயன் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

தாணுமாலயன் வீட்டுக் குளியலறையில் இன்றைய தேதி வரை அதே பழைய சிமென்ட் தரைதான் இருக்கிறது. ஒரு டைல்ஸ்கூட அங்கே ஒட்டியது கிடையாது. சொல்லுகிறவனின் பற்களை மட்டும் எண்ணிப் பார்க்காதீர்கள்.